சுரக்கூடம்

பாட்டு டீச்சர் வரப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் தாயாரம்மாளுக்கு வயிற்றெரிச்சல்தான் வந்தது. ஒன்றாம் வகுப்புக்கு ஒரு நல்ல கரும்பலகை கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள் அவள். ஏரிக்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் காட்டவே வழியில்லை, இதில் ஆ... ஆ... என்று இழுக்க ஒரு ஆள் வேறா? கும்மிடிப்பூண்டியிலிருந்து கிழக்கே பஸ் போகிற மட்டும் போய், அதற்கப்புறம் மணலில் கால் புதையப் புதைய நடந்து வரவேண்டிய பள்ளிக்கூடம் அது. இங்கே எவள் வந்து நிலைக்கப்போகிறாள் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

வந்தவள் பெயர் பூவம்மாள். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட நூல் புடவை, பின்னால் கூலியாள் தலையில் ஓர் ஆர்மோனியப் பெட்டி. பாட்டுப் பரீட்சை பாஸ் செய்துவிட்டு வருஷக்கணக்கில் எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் படி ஏறி இறங்கி வாங்கிய வேலை. அதுவும் இன்னும் கைக்கு வந்தபாடில்லை. பாட்டு டீச்சர் கேட்டு மேலே எழுதியிருந்தது இரண்டு பள்ளிக்கூடம், கிடைத்ததோ ஒரே ஒரு போஸ்ட். பாட்டுக்கென்று தனி அறையை ஒழுங்காக வைத்து, அதில் பிள்ளைகளும் உட்கார்ந்து பாடினால் போஸ்ட் இங்கேயே நிற்கும். இல்லையென்றால் கவரைப்பேட்டைக்குப் போய்விடும். அங்கே தயாராக வேறு ஆள் இருந்ததால், பூவம்மாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். தை மாதக் கடைசியில் டெப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

அவளுக்கு ஒதுக்கிய அறை எது தெரியுமா? பால் பவுடர் டப்பாக்களும் கால் போன பெஞ்சுகளும் வௌவால் புழுக்கையும் நிறைந்து கிடந்த பழைய சாமான் ரூம். மேலே தகரக் கூரை. கதவைத் திறந்து காட்டிவிட்டு, இவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடப்போகிறாள் என்று தாயாரம்மாள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தாள். பூவம்மாள் ஓடவில்லை. நடு ரூமில் போய் நின்று பளீரென்று ஒரு கை தட்டினாள். தகரம் கடகடவென்று அதைத் திருப்பிச் சொன்னது. இன்னொரு மூலைக்குப் போய் இன்னொரு தட்டு. தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இன்னாம்மா, கொசுவா அடிக்கிறே?" என்றாள் தாயாரம்மாள்.

"இல்லக்கா. கூரை ரொம்ப வாயாடுது. புள்ளைங்க பாடினா அதுங்க குரலு அதுங்களுக்கே கேக்காது. மொதல்ல இத்த அடக்கணும்."

அடக்குவதற்கு அவள் கேட்டது பழைய வலை. குப்பத்துக்குப் போய் வீடு வீடாகக் கேட்டாள். பச்சையம்மா என்று ஒருத்தி. குப்பத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது, குரலும் அப்படி, அக்கரைப் படகுக்கே கேட்கும். இந்த நோஞ்சான் டீச்சர் வலை கேட்டதில் அவளுக்கு ஒரே சிரிப்பு. "மீன் புடிக்கவா டீச்சரே, புள்ள புடிக்கவா?" என்று கேட்டுவிட்டு, கிழிந்துபோய் மூட்டை கட்டிவைத்திருந்த பெரிய வலையை எடுத்துக் கொடுத்தாள். பூவம்மாள் அதை நல்ல தண்ணீரில் அலசி அலசி, கவிச்சு போகும்வரை வெயிலில் போட்டு, கூரைக்குக் கீழே மடிப்பு மடிப்பாகக் கட்டினாள். மடிப்புக்குள்ளே தேங்காய் நாரைத் திணித்தாள். அப்புறம் மறுபடியும் நடுவில் நின்று ஒரு தட்டு. இந்த முறை கூரை வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்குத்தான் தாயாரம்மாளுக்கு வயிற்றெரிச்சல் கொஞ்சம் தணிந்தது. கெட்டிக்காரிதான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அதை வெளியே சொல்ல இன்னும் மனசு வரவில்லை.

பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்துவந்த அசன் முகைதீன் பாயிடம் போய்க் கட்டம் போட்ட லுங்கித் துண்டுகளை வாங்கிவந்தாள் பூவம்மாள். அவர் சும்மாவே கொடுத்தனுப்பினார். அவற்றை ஒட்டி ஒட்டித் தைத்து, உள்ளே வைக்கோல் வைத்து, ஒரு பிள்ளைக்கு ஒரு மெத்தை. மெத்தைகளை வரிசையாகப் போட்டாள். சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளைச் சுண்ணாம்பு. பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கயிறு. அதில் பித்தளை டம்ளர், கொட்டாங்கச்சி, பெரிய சிப்பி, மாட்டு மணி என்று தட்டினால் பேசுகிற சாமானெல்லாம் தொங்கின. ஜன்னலோரப் பலகையில் வரிசையாகக் கண்ணாடி டம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு தண்ணீர். குச்சியால் தட்டினால் ஏழு விதமாகப் பாடும். பெரியவர்கள் பார்த்து மெச்சுவதற்காக அவள் ஒரு சாமானைக்கூட வைக்கவில்லை. எதை வைத்தாலும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, பிள்ளை உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆணி அடிப்பாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று தாயாரம்மாளுக்குத் தோன்றியது. ஒன்றாம் வகுப்பில் தான் மாட்டியிருந்த படங்களெல்லாம் தன் தலைக்கு மேலே இருப்பதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

எல்லாம் முடிந்து பெயர்ப்பலகை ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் வந்தது வினை.

தலைமையாசிரியர் திருமலைக்குத் தமிழ் என்றால் உயிர். பெயர்ப்பலகையெல்லாம் தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அவரைக் கேட்கவே வேண்டாம். 'பாட்டு ரூம்' என்று எழுதினால் போதும் என்றாள் பூவம்மாள். ரூம் என்ற சொல் அவர் காதில் ஈயமாக விழுந்தது. 'பாட்டறை' என்று போட்டால் கொல்லன் பட்டறை என்று படிப்பார்கள். 'இசைக்கூடம்' மெட்ராஸில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. நம் பள்ளிக்கென்று தனியாக ஒன்று வேண்டாமா? ராத்திரியெல்லாம் யோசித்துக் காலையில் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். ஸ்வரம் என்பதில் வடமொழி எழுத்து இருக்கிறது, அது ஆகாது. அதைத் தமிழாக்கினால் சுரம். ஆக, 'சுரக்கூடம்'. கீழே சின்ன எழுத்தில் 'ஏழு சுரமும் இங்கே கிடைக்கும்'.

பெயின்டர் சேகரிடம் இருந்தது ஒரே கலர். ஆஸ்பத்திரிச் சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குச் சிவப்பு முக்கோணம் எழுதியதுபோக மிச்சமிருந்த சிவப்பு. அதிலேயே பளபளவென்று எழுதி வாசலுக்கு மேலே மாட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை குப்பத்திலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. செவ்வாயும் இல்லை. தாயாரம்மாளின் வகுப்பே காலி. என்ன ஏது என்று விசாரிக்கத் திருமலையோடு இரண்டு டீச்சர்களும் குப்பத்துக்குப் போனார்கள். பச்சையம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"இன்னா டீச்சரே, வலை குடுத்தவளுக்கே வலை போடுறியா? சொரக்கூடம்னு செவப்புல எழுதிவெச்சிகீறீங்களே, எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னா? எம் பொண்ணு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டா. ஏழு சொரமும் கெடைக்குமாமே! போன மாசம் அம்மை குத்த வந்தானுங்க, ஒரே ஒரு ஊசி. அதுக்கே புள்ள மூணு நாளு அனலா கொதிச்சுது. ஏழு சொரத்துக்கு ஏழு ஊசியா?"

"வெள்ளையடிச்சுகீறாங்க. வரிசையா படுக்கை போட்டுகீறாங்க. கிளாசு கிளாசா மருந்து வேற கீதாம்," என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

தாயாரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் சொன்னதில் என்ன தப்பு? வெள்ளைச் சுவர், தரையில் மெத்தை, சிவப்பு எழுத்து, டம்ளரில் தண்ணீர். கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அது ஆஸ்பத்திரியேதான்.

திருமலை சும்மா இருந்திருக்கலாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். "தாய்மார்களே, சுரம் என்றால் காய்ச்சல் மட்டுமல்ல..."

"பாத்தியா! காய்ச்ச மட்டும் இல்லியாம். இன்னமும் கீதாம்!" என்று கூட்டம் கலவரமானது. அதற்குமேல் அவரைப் பேசவிடவில்லை.

பச்சையம்மா முடிவாகச் சொன்னாள். "எங்க வலை நோவு ஊட்டுல தொங்கக் கூடாது. ஏரிக்கு ஆகாது. நாளைக்குக் காலீல வந்து அவுத்துக்கினு பூடுவோம்."

நாளைக்குத்தான் இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகளும் இல்லை, இப்போது வலையும் இல்லையென்றால் அந்த அறையில் மிஞ்சுவது என்ன? காலில் விழுந்தாவது கேளம்மா என்பதுபோலத் தாயாரம்மாள் பூவம்மாளைப் பார்த்தாள்.

பூவம்மாள் முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும், "அது உங்க வலைம்மா. எப்ப வேணா வந்து எடுத்துக்குங்க," என்றாள்.

திரும்பி வருகிற வழியில் தாயாரம்மாள் பொருமித் தீர்த்தாள். "போர்டையாவது இறக்கச் சொல்லுங்க சார்!" அன்று சாயங்காலம் திருமலையே ஏணி போட்டு ஏறி, தன் சொந்தச் சொல்லைத் தானே இறக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். பாவமாக இருந்தது. ஆனால் பலகையை இறக்கியதால் பயம் இறங்கிவிடுமா?

மறுநாள் காலையில் பச்சையம்மா பத்துப் பன்னிரண்டு பெண்களோடு வந்துவிட்டாள். பிள்ளைகளும் வால் பிடித்துக்கொண்டு வந்து, வாசலுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டன. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். ஊசியும் இல்லை, டாக்டரும் இல்லை. ஓரமாகப் பூவம்மாள் மட்டும் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் நின்றாள். அவர்கள் அவளைப் பார்க்கவேயில்லை. ஒரு ஓரத்து முடிச்சுகளை மட்டும் அவிழ்த்து, வலையின் நுனியைப் பிடித்து இழுக்கத் தயாரானார்கள்.

எந்தப் பாரத்தை இழுத்தாலும் குரல் கொடுக்காமல் அந்தக் குப்பத்து ஆட்களுக்குக் கை வராது. கரை மணலில் படகு இழுத்தாலும் சரி, மழைக்கு ஓலைக்கட்டு இழுத்தாலும் சரி. பச்சையம்மா பழக்கதோஷத்தில் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"ஏலே... ஏலோ...!"

கொடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறந்ததிலிருந்து காற்றோடும் அலையோடும் மல்லுக்கட்டிக் கத்தின குரல் அது. காற்று பாதியைத் தின்றுவிடும், மிச்சத்தை ஏரி தின்றுவிடும். இங்கே அது முழுசாக, சுத்தமாக, நடுங்குகிற இடம் நடுங்கி, குழைகிற இடம் குழைந்து அவள் காதுக்கே திரும்பி வந்தது. வலையும் நாரும் அதைக் கலைக்காமல் வைத்திருந்தன.

"யாருடி அது?" என்றாள் சன்னமாக.

"நீதான்க்கா," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

பச்சையம்மா இன்னொரு முறை குரல் கொடுத்தாள். இந்த முறை இழுப்பதற்காக அல்ல, கேட்பதற்காக. மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்தார்கள். வலை அவர்கள் கையில் இருந்தது. இழுக்கத்தான் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பூவம்மாள் மெல்ல உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். என் சுருதிக்கு வா என்று அவள் அவர்களைக் கூப்பிடவில்லை. பச்சையம்மாவின் குரல் எங்கே நிற்கிறதென்று ஒவ்வொரு கட்டையாகத் தொட்டுத் தேடி, பெட்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அம்மாமார் இருக்கிற இடத்தில் என்ன பயம்? குபுகுபுவென்று உள்ளே வந்து, கயிற்றில் தொங்கிய டம்ளரையும் சிப்பியையும் தட்ட ஆரம்பித்தன. எல்லாம் கைக்கு எட்டும் உயரம் அல்லவா!

அந்த நேரத்தில்தான் டெப்டி இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. திருமலை கையைப் பிசைந்துகொண்டு அவரை அழைத்துவந்தார். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பாட்டு அடங்குகிற மட்டும் நின்று கேட்டார்.

"நல்லா இருக்கும்மா. எத்தனை நாளா சொல்லிக் குடுத்தே?"

ஆமாம் என்று தலையாட்டிவிடு மகராசி, எதையாவது சொல்லித் தொலை என்று தாயாரம்மாள் உள்ளுக்குள் பதறினாள்.

"நான் சொல்லிக் குடுக்கல சார்," என்றாள் பூவம்மாள். "இது அவங்க பாட்டு. நான் ரூமை மட்டுந்தான் ஒழுங்கு பண்ணேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று தாயாரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். இப்படியும் ஒருத்தி உலகத்தில் இருப்பாளா என்று கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபம் முழுக்கப் பெருமையாகவும் இருந்தது.

இன்ஸ்பெக்டர் கூரையைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். முழங்காலை மடக்கி ஒரு லுங்கி மெத்தையில் உட்கார்ந்து, குச்சியை எடுத்து ஒரு டம்ளரைத் தட்டினார்.

"ஒழுங்கு பண்ணத் தெரிஞ்சவங்கதாம்மா வேணும். கவரைப்பேட்டைக்கு வேற ஏற்பாடு பண்ணிக்கலாம். நீ இங்கேயே இரு," என்றார்.

ஜீப் போன பிறகு பூவம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தாயாரம்மாள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் அவள் காதோரம் ஒரு மூச்சில் சொல்லித் தீர்த்தாள். இவள் இந்தப் பள்ளிக்கு வந்தது தன் பாக்கியம் என்றுகூடச் சொன்னாள்.

பெண்கள் வலையை மறுபடி இழுத்துக் கட்டினார்கள். முன்னைவிட மடிப்பு நன்றாகவே விழுந்தது. எல்லோரும் கிளம்பிய பிறகும் பச்சையம்மா மட்டும் வாசலில் தயங்கித் தயங்கி நின்றாள். அதட்டலெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"டீச்சரம்மா," என்றாள், "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

பிள்ளைகளுக்குத்தான் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "புள்ளைங்கள ஒம்போதரைக்கு அனுப்பிடு," என்றாள் தாயாரம்மாள்.

"அதுங்க வரட்டும் டீச்சரே," என்றாள் பச்சையம்மா. "நான் எனுக்குக் கேட்டேன்."