பின்வாசல் திறக்கிற வரைக்கும்

தீயணைப்பு நிலையத்தின் மாணவர் படையில் அவளை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் அப்படி ஒல்லி. பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று இறங்கும். அவளுடைய அப்பா அதே நிலையத்தில் வண்டி ஓட்டுநர். "வீட்டுல என்னைப் படுத்தறது பத்தலைன்னு இங்கேயும் வந்துட்டா" என்று மற்றவர்களிடம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் பாதி பெருமை.

படையின் ஆண்டு விழா அந்த ஞாயிறு மாலை பெரிய அரங்கம் ஒன்றில் நடப்பதாக இருந்தது. அரங்கத்தின் முதலாளி இடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். மேடையில் அவர்தான் தலைமை.

விழாவுக்கு முன்னால் அரங்கத்தைச் சுற்றிப் பார்க்கும் வேலை ஊசிக்கு. ஆட்கள் கூடுகிற எந்த இடமானாலும் வெளியேறும் வழிகளை முதலில் திறந்து பார்க்க வேண்டும் என்று படையில் சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் பின்வாசலைத் தள்ளினாள். கதவு ஒரு விரற்கடை நகர்ந்து நின்றது. இடுக்கில் எட்டிப் பார்த்தால், வெளிப்பக்கம் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பக்கவாசலை மறைத்து உடைந்த நாற்காலிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மிச்சம் முன்வாசல் மட்டும்தான்.

நிலைய அதிகாரி மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பின்னாடி பூட்டியிருக்கு. பக்கத்து வாசல்லயும் போக முடியாது."

"சாவி எங்கேயோ தொலைஞ்சிருச்சாம்மா. முதலாளி நாளைக்குப் பாத்துக்கறேன்னார்."

"கூட்டம் இன்னைக்குத்தானே சார் வருது?"

அவர் மைக்கை அணைத்தார். "ரெண்டு மணி நேரம்தான். கண்டும் காணாம இரு."

அவள் நேராக முன்வாசலுக்குப் போய், கண்ணாடிக் கதவுகளைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள்.

பெற்றோர்கள் வரத் தொடங்கினார்கள். "பின்வாசல் திறக்கிற வரைக்கும் யாரும் உள்ள போக முடியாதுங்க" என்றாள். சிலர் சிரித்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், "ஏன், என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலைக்கா. ஏதாவது ஆச்சுன்னா அத்தனை பேரும் இந்த ஒரு கதவாலதான் ஓடணும்."

அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையை இறுக்கிக்கொண்டு ஊசியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

முதலாளி காரிலிருந்து இறங்கினார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கடுத்தது. "இத்தனை வருஷத்துல இங்க ஒரு தீக்குச்சி எரிஞ்சதில்ல. நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? தள்ளு."

"தள்ள மாட்டேன் சார்."

முதுகைக் கதவோடு ஒட்டி நின்றாள்.

அதிகாரி ஓடிவந்தார். அவளிடம் பேசிப் பயனில்லை என்று, தீயணைப்பு வண்டியருகே நின்ற அவள் அப்பாவைக் கூப்பிட்டார். "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லுங்க. மானம் போகுது."

அப்பா வந்தார். அதிகாரி நினைத்தால் அவரை எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம் என்பது ஊசிக்குத் தெரியும். அவரே சொன்னாலும் அசையக்கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள்.

"பின்கதவை நீயே தள்ளிப் பாத்தியா?" என்று கேட்டார் அப்பா.

"பாத்தேன்ப்பா. வெளியே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கு."

அவர் வண்டியிலிருந்து சங்கிலி வெட்டும் நீளக் கட்டரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அரங்கத்தின் பின்பக்கம் நடந்தார்.

"என் சொத்துல கை வச்சா கேஸ் போடுவேன்" என்று முதலாளி கத்தினார்.

"போடுங்க சார்" என்றார் அப்பா, திரும்பாமலே.

அதற்குள் படைப் பிள்ளைகள் உடைந்த நாற்காலிகளைத் தூக்கி வெளியே போடத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

பின்வாசல் திறந்த பிறகு விழா தாமதமாகத்தான் தொடங்கியது. முதலாளி காரேறிப் போய்விட்டார். மறுநாளே புகார் வந்தது. அப்பாவை வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு மாற்றினார்கள். முதலாளியிடம் மன்னிப்புக் கேட்கிறவரை ஊசி பயிற்சிக்கு வரக்கூடாது என்றார்கள்.

"ஒரு வார்த்தைதானேடி, கேட்டுட்டு வந்துரு" என்றாள் அம்மா.

"எதுக்கும்மா கேக்கணும்?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "எதுக்குன்னு அவ கேக்கறதுல என்ன தப்பு?" என்றார்.

சனிக்கிழமை பயிற்சியின்போது நிலையத்தின் கேட் அவளுக்குத் திறக்கவில்லை. அவள் வெளியே சாலையோரம் கயிற்றோடு நின்று, உள்ளே அதிகாரி உத்தரவு சொல்லச் சொல்ல முடிச்சுப் போட்டாள். அதிகாரி கேட் வரைக்கும் வந்தார்.

"உன்னை வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கில்ல?"

"உள்ளதானே சார் வரக்கூடாது?"

அவர் அவள் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். அடுத்த உத்தரவை வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார். அது சாலை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.