விளக்கு வைக்கும் நேரத்து இங்கிலீஷ்

வெள்ளைக்காரன் விட்டுப்போன கன்டோன்மென்ட்டில், காக்ஸ் டவுனில் எங்கள் சமையலறைக்கும் ஜகதாம்பாள் வீட்டுக் கூடத்துக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் பேசினார்கள், என் காது அங்கே இருந்தது.

அந்த வருஷம் ஊரெல்லாம் கால் சென்டர். ஜகதாம்பாளின் மருமகள் கிருத்திகாவுக்கும் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கும்பகோணத்திலிருந்து வந்த நாளாய் வத்தக்குழம்பே கதி என்று கிடந்த பெண். வெளியே கால் வைக்க இது ஒன்றுதான் வழி. மாடி வீட்டு ஜூடித் டீச்சர் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க இறங்கி வருவாள். அவள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வினை அங்கேதான்.

"இஃப் போட்டுப் பேசணும்மா, அதத்தான் கேப்பாங்க. பஸ் கவிழ்ந்தா என்ன செய்வே? எங்கே, இங்கிலீஷ்ல சொல்லு."

"இஃப் த பஸ்..."

"நிறுத்துடி!" என்றாள் ஜகதாம்பாள். "விளக்கு வைக்கற நேரத்துல பஸ் கவிழறதாவது! அஸ்து தேவதைகள் சுத்திண்டிருக்கும். எதைச் சொன்னாலும் 'அப்படியே ஆகட்டும்'னுடும்."

"அதுங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா மாமி?" என்றாள் ஜூடித்.

"கன்டோன்மென்ட் தேவதைக்குத் தெரியாதா?"

கூரை ஒழுகினால், கஸ்டமர் திட்டினால் என்று ஜூடித் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு "சிவ சிவா". கடைசியில் 'லாட்டரி விழுந்தால்' மட்டும் தேறியது. கிருத்திகாவுக்கு வாரம் பூராவும் லாட்டரி விழுந்தது.

விளக்கேற்றிய கையோடு ஜகதாம்பாள் தினமும் என் வாசலுக்கு வருவாள். "இவளுக்காவது, வேலை கெடைக்கறதாவது!" என்பாள், மருமகள் காதில் விழும்படியாக. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிருத்திகா செருப்பை உதறிய சத்தத்திலேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"என்னடி கேட்டா?"

"கஸ்டமர் போன்ல கத்தினா என்ன பண்ணுவேன்னா. பதில் வாய் வரைக்கும் வந்துதும்மா. அதுக்குள்ள உங்க குரல் கேட்டுது. 'அப்படியெல்லாம் கத்த மாட்டா சார்'னுட்டேன். 'ஆபீஸ் வண்டி வரலேன்னா?'ன்னு கேட்டா. 'வந்துடும் சார்'. லாட்டரியப் பத்தி ஒருத்தரும் கேக்கலே."

"போறது போ. கெடைக்காதுன்னு நான்தான் சொன்னேனே."

"சொன்னேள். தெனமும் சொன்னேள். விளக்கு வைக்கற நேரத்துல."

சுவரோடு சாய்ந்து நின்றதில் என் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நன்றாக இருட்டிய பிறகும் அந்த வீட்டில் விளக்கேற்றத் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்கவில்லை.