முதல் உருண்டை

"இண்டைக்கு ஒருத்தரும் அந்தக் கதை எடுக்கக் கூடாது. எடுத்தால் நான் பாதியிலை திரும்பிடுவன்" என்று படலையைச் சாத்தும்போதே நாகேஸ்வரி சொல்லிவிட்டாள்.

"எந்தக் கதை மச்சாள்?" என்றான் பஞ்சலிங்கம், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

"உமக்குத் தெரியாதோ தம்பி?"

தெரியாமல் என்ன? பருத்தித்துறையில் அவர்களுடைய ஒழுங்கை முழுக்கத் தெரிந்த கதைதான். அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயலுக்கு முதல்நாள் வள்ளத்தோடு போன அவள் புருஷன் தியாகலிங்கம் திரும்பவில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கரைக்கு வரவில்லை. இரண்டு வருஷம் கழிந்துவிட்டது. உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைக்கலாம் என்று குருக்கள் சொன்னார். தமையனின் காரியம் முடியாமல் தம்பி பஞ்சலிங்கத்துக்குப் பெண் தரமாட்டோம் என்று வல்வெட்டித்துறையார் நின்றார்கள். நாகேஸ்வரி அசையவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன.

அவள் பக்கம் நின்றது மாமி சிவக்கொழுந்து ஒருத்திதான். எப்போது சோறு குழைத்தாலும் முதல் உருண்டையைக் கோப்பையில் வைத்து மூடிவிட்டு, "என்ரை பிள்ளை பசியோடை வருவான்" என்பாள். அந்த மூடின கோப்பையைப் பார்த்துத்தான் நாகேஸ்வரி நாளைக் கடத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை. வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குப் பஸ்ஸில் போயிருக்கலாம். கடற்கரையாலே நடப்பம் என்று நின்றவள் மாமிதான்.

கற்கோவளத்துக் கிணற்றில் பஞ்சலிங்கம் தண்ணீர் அள்ளி வார்த்தான். நாகேஸ்வரி பொட்டில் ஈரம் படாமல் கன்னத்தை மட்டும் நனைத்துத் துடைத்தாள். அதற்கப்பால் மணல்தான். அடம்பங்கொடி காலில் சிக்கியது. காற்றில் இராவணன் மீசைப் புல் உருண்டு உருண்டு ஓடியது.

"அம்மா, உங்களுக்கு ஒரு ஒட்டகம் பிடிச்சுத் தரட்டோ?"

"முதல் நீ ஒரு பொம்பிளையைப் பிடி. பிறகு ஒட்டகத்தைப் பாப்பம்."

சொன்ன பிறகுதான் மாமி நாக்கைக் கடித்தாள். பஞ்சலிங்கம் கடலைப் பார்த்தான். நாகேஸ்வரி மணல் மேட்டில் ஏறினாள். உச்சியில் கால் சறுக்கி, இருந்த இருப்பில் அடிவரைக்கும் வழுக்கிக்கொண்டு போனாள். கீழே மணலும் தலையுமாக இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற இருவரும் சிரித்தார்கள்.

"இன்னொருக்கா ஏறி விழும் மச்சாள், நான் வடிவாய்ப் பார்க்கேல்லை!"

"நீர் விழும், நான் பார்க்கிறன்."

அவன் உண்மையாகவே ஏறி உருண்டான். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தபோதுதான் நாகேஸ்வரிக்குத் திடுக்கென்றது. அத்தனை நேரச் சிரிப்பில் புருஷன் நினைவு ஒரு தரம்கூட வரவில்லை. சேலையிலிருந்த மணலை அளவுக்கு மீறித் தட்டினாள்.

கோயில் கும்பிட்டு, பனை வடலி நிழலில் இருந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமி தூக்குச்சட்டியைத் திறந்து, சோற்றோடு கத்தரிக்காய்க் குழம்பும் கீரையும் சேர்த்துக் குழைத்தாள். வாசம் எழும்பியது. பஞ்சலிங்கம் கையை நீட்டினான்.

"பொறடா, அவசரப்படாதை."

முதல் உருண்டையைப் பிடித்தாள். பிடித்தவள் எழும்பி நாலடி தள்ளிப் போனாள். ஒரு இலைத்துண்டை மணலில் போட்டு, உருண்டையை அதில் வைத்து, சுற்றிவரத் தண்ணீர் தெளித்தாள்.

"கா... கா... கா..."

பஞ்சலிங்கத்தின் கை நீட்டியபடியே நின்றது. மாமனாரின் திவசத்துக்கு மாமி இப்படித்தான் வைப்பாள். செத்தவர்களுக்கு வைக்கிறது.

மாமி திரும்பி அவர்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள்.

"ஐயோ பிள்ளை... கை தவறிப் போச்சு. கோப்பை கொண்டுவரேல்லை... அதுதான்..."

"எப்ப தொடக்கம் மாமி?"

"என்ன பிள்ளை?"

"எப்ப தொடக்கம் உங்களுக்கு அவர் வரமாட்டார் எண்டு தெரியும்?"

மாமி மணலில் குந்தினாள்.

"போன ஆடி அமாவாசையிலை இருந்து நான் அவனைக் கனவிலை காணேல்லை. அதோடை விளங்கீட்டுது" என்றாள். "நீ அந்தக் கோப்பையைப் பாத்துப் பாத்துச் சாப்பிடுவாய். அதுதான் நிப்பாட்டேல்லை."

பஞ்சலிங்கம், "மச்சாள், நான் என்ரை கலியாணத்துக்கெண்டு ஒருநாளும்..." என்று தொடங்கினான்.

"தெரியும் தம்பி. சும்மா இரும்."

காகம் ஒன்றும் வரவில்லை. கடற்காற்றுக்கு இலையின் ஓரம் அடித்துக்கொண்டது. மாமி உருண்டையை எடுக்கக் குனிந்தாள். நாகேஸ்வரி அந்தக் கையைப் பிடித்தாள்.

"வைச்சது வைச்சதுதான் மாமி. விடுங்கோ."

பிறகு வடலிப் பக்கம் திரும்பி அவளே கூப்பிட்டாள்.

"கா... கா..."

எங்கேயிருந்தோ ஒரு காகம் இறங்கியது. தத்தித் தத்திக் கிட்ட வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொத்தியது. பாதிச் சோறு மணலில் சிந்தியது. மாமி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

மற்ற உருண்டைகளை மூவரும் சாப்பிட்டார்கள். பசித்திருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

வந்த வழியாலே திரும்பி நடந்தார்கள். மணல் மேட்டில் காலையில் உருண்ட தடத்தைக் காற்று மூடியிருந்தது. கற்கோவளத்துக் கிணற்றடியில் பஞ்சலிங்கம் மறுபடி வாளியைத் தூக்கினான். நாகேஸ்வரி குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி, நெற்றியோடு சேர்த்து முகம் முழுக்கக் கழுவினாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தும் தம்பி" என்றாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வார்த்தான்.