குப்பியில் இருந்த பாவம்

என் இடது மார்பில் கட்டி இருப்பதை ஜெபக்கூட்டத்தில் போட்டு உடைத்தவர் என் கணவர் தனராஜ்தான். அன்றிலிருந்து புத்தூர் சபையின் ஆண்கள், மாநில எல்லை பிரித்த அந்த நாட்களில் எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று சண்டை போட்ட வாயாலேயே என் மார்பைப் பற்றியும் பேசினார்கள்.

சபை மூப்பர் எர்னஸ்ட் வீட்டுக்கே வந்துவிட்டார். "லோயிஸ், மறைச்சு வெச்ச பாவந்தாம்மா கட்டியா நிக்குது. அறிக்கை பண்ணிடு," என்றார், என் முந்தானையையே பார்த்துக்கொண்டு.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஊசியைக் குத்தி இழுத்தார். பச்சை நிறத்தில் தண்ணீர் வந்தது; கட்டி அமுங்கிவிட்டது.

"வெறும் நீர்க்கட்டிம்மா, புத்துநோய் இல்ல. நெறைய பொம்பளைங்களுக்கு வரும். மாசவிலக்குக்கு முன்னாடி வீங்கி வலிக்கும்," என்றார்.

அந்தத் தண்ணீரை ஒரு குப்பியில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கட்டி போனதையும் என் கணவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எர்னஸ்ட் எழுந்து, "நம்ம ஜெபத்தால லோயிஸ் சொகமாயிட்டா. வந்து சாட்சி சொல்லும்மா," என்றார்.

போனேன். குப்பியைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினேன்.

"என் பாவத்தைத் தேடிக்கினு இருந்தீங்களே, இதான் அது. நல்லா மோந்து பாருங்க."