வழுக்கி விழுந்தவன்

வாண்டுவின் வலது கை சட்டைக்குள் நுழையவில்லை. விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன.

“கொஞ்சம் ஒருக்களிச்சுப் புடி. நான் இழுத்து விடறேன்” என்றாள் அம்மா.

சின்னவள் அவனை ஒருக்களித்துப் பிடித்தாள். அப்போதுதான் முதுகு தெரிந்தது. சில தழும்புகள் பழையவை, வெளுத்துப் போயிருந்தன. சில நேற்றையவை. எல்லாம் ஒரே மாதிரி, ஒயரை மடித்துப் பிடித்து வீசினால் விழுகிற வளைவு.

“அம்மா.”

“பேசாம பட்டனைப் போடு.”

வாண்டு அக்காவின் மூத்த பிள்ளை, ஐந்து வயது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று காலையில் போன் வந்தபோது சின்னவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். யூனிஃபார்மோடு அப்படியே ஓடி வந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. தூக்குவதற்குள் உயிர் போய்விட்டது என்று மாமா, அக்காவின் கணவர், வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மாதம்தான் அவள் வகுப்புக்கு ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். “ஓடி விளையாடற குழந்தைக்கு எங்கல்லாம் அடிபடும்?” என்று கேட்டார். முட்டி, முழங்கை, நெற்றி என்று ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். “முதுகுல? காதுக்குப் பின்னால? தொடையோட உள்பக்கம்?” பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு போர்டில் ஒரு நம்பரை எழுதினார். “உங்களுக்கு உறுதியாத் தெரியணும்னு இல்ல. சந்தேகம் வந்தாலே சொல்லுங்க. உறுதி பண்றது எங்க வேலை.”

கூடத்தில் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பாப்பா. எதிரே மாமா, செல்போன் ரிப்பேர்க் கடைக்காரர், முகத்தைத் துண்டில் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். அந்த அழுகை பொய்யில்லை. கடையில் மணிக்கணக்காகக் குனிந்து, முடி பருமன் கம்பியைப் பொறுமையாகப் பற்றவைக்கிற மனிதர். சின்னவளுக்கு எதையும் எதோடும் பொருத்திப் பார்க்க முடியவில்லை.

“வெயில் ஏறறதுக்குள்ள எடுத்துடலாம். சின்ன உசுரு, வச்சுக்கிட்டு என்ன பண்றது?” என்றார் பெரியப்பா.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அக்கா பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் கை நீட்டினார். பாப்பா சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள். அழவில்லை. அப்படியே குனிந்திருந்தாள். அக்கா அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள், விலகிய துணியைச் சரிசெய்வதுபோல.

மாமா எழுந்து வாசலுக்குப் போனதும் சின்னவள் அக்காவின் அருகில் போய் உட்கார்ந்தாள்.

“முதுகைப் பாத்தேன்க்கா.”

“சோப்புத் தண்ணி கிடந்துச்சு. வழுக்கி விழுந்துட்டான்.” ஒப்பிக்கிற குரல்.

“பாப்பாவும் விழுவாளா?”

குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

சின்னவள் பின்பக்கம் போனாள். துணி துவைக்கிற கல்லருகே நின்று போனை எடுத்தபோது அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள்.

“யாருக்குடி?”

டாக்டரம்மா போர்டில் எழுதின நம்பர் என்று சொன்னாள்.

“உங்கக்கா நடுத்தெருவுல நிப்பா. போனவன் திரும்பி வரப்போறானா?”

“இருக்கறவ இருக்காளேம்மா.”

அம்மா கையை நீட்டினாள். போனைப் பிடுங்கப்போகிறாள் என்றுதான் சின்னவள் நினைத்தாள். அம்மா அவளைத் தாண்டி எட்டிக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். காலி இரும்பு வாளியில் தண்ணீர் இரைந்து விழுந்தது. வீட்டுக்குள் எதுவும் கேட்காது. வாளி நிரம்பி வழிகிற வரைக்கும் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

தூக்குவதற்கு ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. ஒரு போலீஸ்காரம்மாவும் சாதாரணப் புடவையில், கழுத்தில் அடையாள அட்டையோடு இன்னொரு பெண்ணும் இறங்கினார்கள்.

“குழந்தையைப் பாக்கணும்.”

“வழுக்கி விழுந்தான் மேடம். இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?” என்றார் மாமா. “யார் உங்களுக்குச் சொன்னது?”

போலீஸ்காரம்மா வாண்டு கிடந்த அறைக்குள் போனார். கூடவந்த பெண் வாசற்படியிலேயே நின்றுகொண்டார். மாமா திரும்பிக் கூடத்திலிருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா முகத்தில் பார்வை கொஞ்சம் நின்றது.

“நான்தான் மாமா” என்றாள் சின்னவள். குரல் பாதிதான் வெளியே வந்தது. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

“குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சுட்டியே பாவி” என்றார் பெரியப்பா.

மாமா ஓரடி முன்னால் வந்தார். வாசற்படியில் நின்ற பெண்ணைப் பார்த்து நின்றுவிட்டார்.

அக்கா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மடியிலிருந்த பாப்பாவைத் தூக்கிச் சின்னவளிடம் கொடுத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, மாமாவைக் கடந்து, மகனும் போலீஸ்காரம்மாவும் இருந்த அறைக்குள் போனாள். போனதும் கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.