மூன்றாவது பாராமீட்டர்

வெள்ளிக்கிழமை லீவே போடாத ஒரே ஆள் அந்த மருத்துவமனையில் அவள்தான். தங்கைக்குப் பிரசவம் ஆனது ஒரு வெள்ளிக்கிழமை, போகவில்லை. காய்ச்சலில் உடம்பு அனலாய்க் கொதித்த அன்றும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரெக்கார்டு ரூமில் அவளுக்கு 'வெள்ளிக்கிழமை அக்கா' என்றே பெயர். என்ன ஒரு கடமை உணர்ச்சி என்று பிரிவுத் தலைவரான சீஃப் நாலு பேர் முன்னால் பாராட்டினார். கடமையாவது கத்தரிக்காயாவது! பயம், வெறும் பயம்.

கம்ப்யூட்டரில் தேங்கும் பழைய ஃபைல்களை வெள்ளிக்கிழமை தோறும் தேடி அழிக்கும் புரோகிராம் அவள் எழுதியது. தேடுகிற வேலையை மட்டும் மெஷினோடு வந்த ஒரு குட்டி புரோகிராம், ரொட்டீன் என்பார்கள், செய்தது. அதற்கு ஏழு பாராமீட்டர், அதாவது ஏழு விவரம், கொடுக்க வேண்டும். முதலாவது, எதைத் தேடுவது. முழுப்பெயர் தெரியாவிட்டால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் போதும், அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும். வந்தது விழுகிற இடம் இரண்டாவது. எந்த ஃபோல்டர் என்று நாம் சொல்லாவிட்டால் அதுவாக எங்கே தேட வேண்டும் என்பது நான்காவது; அதில் அவள் 'குப்பை' ஃபோல்டரை வைத்திருந்தாள். மிச்ச மூன்றைக் கொடுத்தால் நல்லது, கொடுக்காவிட்டாலும் குடி முழுகிப் போகாது. குடி முழுகியது மூன்றாவதில்தான்.

மூன்றாவது, அந்த ரொட்டீனின் ஞாபகம். எங்கே, எதுவரை தேடினோம் என்று அதில்தான் குறித்து வைத்துக்கொள்ளும். புதிதாக ஒன்றைத் தேடுமுன் அதைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். இல்லையென்றால், நாம் சொல்லாமல் விட்டதைப் போன தேடலிலிருந்து எடுத்துத் தானே நிரப்பிக்கொள்ளும். ஒரு வார்த்தை கேட்டுச் செய்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. பூஜ்யமாக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத்தான் அவள் எழுத மறந்திருந்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆபரேட்டர் ஒருநாள் இதயப் பிரிவு ஃபோல்டரைத் தேடிப் பார்த்தார். தடித்த கண்ணாடிக்காக எல்லோரும் அவரைச் சோடாபுட்டி என்பார்கள், அவரும் சிரித்துக்கொள்வார். பார்த்து முடித்தவர், அடுத்து குப்பையைக் காலி செய்ய, அவள் எழுதிக் கொடுத்த தாளில் இருந்தபடியே வெறும் நட்சத்திரம் அடித்து 'அழி' கொடுத்தார். குப்பை பத்திரமாக இருந்தது. இதயப் பிரிவின் ஆறு மாத ரிப்போர்ட்டுகள் போயே போய்விட்டன. நகல் டேப்பும் பாதிக்கு மேல் படிக்க மாட்டேன் என்றது.

"சத்தியமா வெறும் ஸ்டார் மட்டும்தாங்க அடிச்சேன்," என்று விசாரணையில் மன்றாடினார். "எழுதினவங்க இங்கதானே இருக்காங்க, கேளுங்க! சொல்லுங்க மேடம்."

மேடம் தரையைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவளுக்கு நிஜமாகவே காரணம் தெரியாது. சாயங்காலம் வீட்டில் கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று ஓடிவந்தாள். அதற்குள் வேலைநீக்க உத்தரவில் சீஃப் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே மூன்று வருஷம் ஓடிவிட்டது. சோடாபுட்டி இப்போது எதிர்த்தெரு ஜெராக்ஸ் கடையில் கால்கடுக்க நிற்கிறார். அவள் இரண்டு தெரு சுற்றி வீட்டுக்குப் போகிறாள்.

கமுக்கமாகத் திருத்தியிருக்கக் கூடாதா என்றால், எங்கே திருத்துவது? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஓர் எழுத்தை மாற்றவும் படிவம் வேண்டும். மாற்றிய வரியை அதில் அப்படியே எழுத வேண்டும், பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்த ஒரு வரியே விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்துவிடும். அதனால் ஒவ்வொரு பிரிவையும் தேடி முடித்ததும், குப்பையைக் காலி செய்யுமுன், புரோகிராமை மூடித் திரும்பத் திறப்பாள். மூடினால் அதன் ஞாபகம் போய்விடும். நாற்பது பிரிவு, நாற்பது தடவை, வெள்ளிக்கிழமை தோறும். வேறொருவர் கையில் விட மனசு வரவில்லை. வேறு ஊரில் இருக்கும் கணவனிடம் போக மாற்றல் கேட்டு எழுதி இரண்டு வருஷம் ஆகிறது. "இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைம்மா?" என்று போனில் மகள் கேட்பாள்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் இடத்துக்கு ஒரு பெண் வந்தாள். கெட்டிக்காரி. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், லீவு வேண்டும் என்று வந்த அன்றே எழுதிக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் பத்தாவது பிரிவில் கேட்டேவிட்டாள்.

"எதுக்குக்கா ஒவ்வொரு தடவையும் மூடி மூடித் திறக்கிறீங்க?"

"அது அப்படித்தான்."

சொன்ன வாய் கசந்தது. மத்தியானம் முப்பது பிரிவு முடிந்ததும் ஒரு படிவத்தை எடுத்து, காரணக் கட்டத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதி, சீஃப் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். அவர் இரண்டு தடவை படித்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, அந்த ஆள அனுப்பினது தப்புன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகும்."

"தப்புதானே சார்."

"தப்பு உங்களோடது. கையெழுத்து என்னோடது."

படிவத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார். அதே இழுப்பறையிலிருந்து வேறொரு தாளை எடுத்து நீட்டினார். மாற்றலுக்காக அவளை விடுவிக்கும் உத்தரவு.

"மூடித் திறக்கணும்னு அந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்க, போதும். ஏன்னு சொல்ல வேண்டாம். திங்கக்கிழமை நீங்க உங்க பொண்ணு கூட இருக்கலாம்."

இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

உத்தரவைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது, புதியவள் தானாகவே முப்பத்தோராவது பிரிவைப் பார்த்து முடித்திருந்தாள். திரையில் குழந்தைகள் வார்டு. குப்பையைக் காலி செய்ய விரல் நட்சத்திரக் குறியை அடித்துவிட்டது, 'அழி'தான் பாக்கி.

"ஒரே ஒரு தடவை மூடாம பாக்கலாமாக்கா? எவ்வளவு நேரம் மிச்சமாகும்!"

"கையை எடு!"

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில், மூன்றாவது பாராமீட்டரிலிருந்து ஜெராக்ஸ் கடை வரை, சீஃப் இழுப்பறை வரை, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள். முடித்ததும் மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசாக இருந்தது.

புதியவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"என்கிட்ட எதுக்குக்கா சொன்னீங்க?"

"தெரியாம நீயும் அவரை மாதிரி மாட்டிக்கக் கூடாதேன்னுதான்மா."

"தெரியாம செஞ்சிருந்தா நான் அழுதாவது தப்பிச்சிருப்பேன். இப்போ தெரியும். சீஃப் கிட்ட திருத்தணும்னு கேட்டா வேலை போகும். கேக்காம விட்டா ஒவ்வொரு வாரமும் குழந்தைங்க வார்டு என் விரல்ல. உங்களுக்கு ஆர்டர் வந்துடுச்சு. எனக்கு எங்கக்கா வரும்?"

கைப்பை மடியில் கனத்தது.

புதியவள் நட்சத்திரத்தை அழித்தாள். புரோகிராமை மூடினாள். திறந்தாள். முப்பத்தோராவது ஆயிற்று, இன்னும் ஒன்பது.

"லீவு வேணாம்னு சொல்லிடறேன்," என்றாள் திரும்பாமலே. "அம்மாவ அண்ணன் பாத்துக்கட்டும். நீங்க கிளம்புங்கக்கா."