உபர்லிந்தா தூங்கும் சபை

உபர்லிந்தா கர்ராஸ்கோ பிரசங்கத்தின் நடுவே குறட்டை விடத் தொடங்கினால், சபையில் உட்கார்ந்திருப்பவர்களின் வலிகள் எழுந்து வாசல் வழியாக வெளியே போய்விடும். கிரால் என்ற சிறு துறைமுகத்தில் இதை யாரும் மறுப்பதில்லை, கத்தோலிக்கர்கள்கூட. பல்வலி முதலில் போகும், அதற்கு எப்போதும் அவசரம். முழங்கால் வலி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போகும். ஒற்றைத் தலைவலி வெயில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் கிளம்பும்; சிலி நாட்டின் தெற்குக் கரையில் மழைக்குப் பஞ்சமில்லை என்பதால் அதற்கும் பெரிய தாமதம் ஆனதில்லை. வெளியே வந்தவை தெருவைக் கடந்து, எதிரே இருந்த குஸ்தோதியோவின் மதுக்கடைக்குள் நுழைந்து, எந்தக் குடிகாரன் உடம்பில் இடம் இருக்கிறது என்று பார்த்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்த வரம் அவளுக்குக் கிடைத்த கதைக்குப் பின்னால் செகுந்தோ இருக்கிறான். அவன் அவளுடைய புருஷன். மத்தி பிடிக்கப் போன படகு ஒரு விடியலில் வலைகளோடும் மீன்களோடும் மற்ற ஆட்களோடும் திரும்பி வந்தது, அவன் மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து உபர்லிந்தாவுக்குத் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் நீர் தெரிந்தது. லெட்டூஸ் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தாள், கொன்செப்சியோன் நகரத்து டாக்டர் கொடுத்த மாத்திரைகளை விழுங்கினாள், குஸ்தோதியோவிடம் சிவப்பு ஒயின் வாங்கிப் பார்த்தாள். ஒயினுக்கு அவள் பாடினாள், தூங்கவில்லை. வருஷங்கள் அப்படியே போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் கூடையோடு வந்தவள் மழைக்கு ஒதுங்க, கனூத்தோக்கள் என்று ஊர் கேலி பேசும் அந்த அல்லேலூயாக் கூட்டத்தின் தகரக் கூரைக்குள் நுழைந்தாள். உள்ளே பாஸ்டர் நொல்பெர்த்தோ சன்வேசா பைபிளில் வரும் ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகள் எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அந்தத் திரைகளைக் கோக்கும் நீலநூல் காதுகளுக்கு அவர் வருவதற்குள் உபர்லிந்தா தூங்கிவிட்டாள். விழித்தபோது அவளுக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷம். கர்த்தர் என்னை அழைத்தார் என்று எல்லோரிடமும் சொல்லி, அடுத்த மாதமே கடலில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் அந்தச் சபையில் சும்மா உட்கார்ந்திருக்க யாருக்கும் அனுமதி கிடையாது. ஆவியானவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுத்திருக்கிறார், அதைக் கண்டுபிடித்துச் சபைக்கு உழைக்க வேண்டும் என்பது சட்டம். வருஷத்துக்கொரு முறை, சபை ஆண்டுவிழா அன்று, ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வரத்தை உரக்கச் சொல்வார்கள்; கூட்டம் கையைத் தூக்கி மூன்று முறை மகிமை சொல்லும். ஆவி வந்து யாருக்கும் புரியாத மொழியில் பேசும் அந்நியபாஷைக்காரர்கள் முன்வரிசை, தீர்க்கதரிசிகள் அடுத்தது, மாண்டலின்காரர்கள் ஓரம். வரம் தெரியாதவர்களுக்கு வாசலோரம் ஒரு காத்திருப்பு பெஞ்சு, மழைச்சாரல் அடிக்கும் இடம். உபர்லிந்தா அதில்தான் உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். தம்புரு கொடுத்தார்கள், ஒரே ஊர்வலத்தில் தோல் கிழிந்தது. அந்நியபாஷைக்காக உபவாசம் இருக்கச் சொன்னார்கள், பசி மயக்கத்தில் அவள் வாயிலிருந்து மீன் விலைதான் வந்தது. தீர்க்கதரிசனம் சொல்லச் சொன்னபோது நாளைக்கு மழை பெய்யும் என்றாள். பெய்தது. ஆனால் அந்த ஊரில் அதைச் சொல்ல ஆவியானவர் தேவையில்லை.

பெரிய சங்கடம் பல்தோமேரோ. வாசல் காக்கும் இந்தப் பெரியவருடைய வரம் எழுப்புதல். தூங்கி விழுபவர்களை நீளமான மார்மேலோ மரக் குச்சியால் குத்தி எழுப்புவார். பிரசங்கம் செய்வது நொல்பெர்த்தோ என்பதால் அவருக்கு வேலை ஓய்ந்ததே இல்லை. உபர்லிந்தாவின் தலை சாய்ந்து, கொஞ்சம் தூக்கம் கிடைத்து, மூச்சு கனக்கத் தொடங்கும் நேரம் பார்த்துக் குச்சி வந்துவிடும். வருஷக்கணக்காகக் குறட்டையின் வாசல்வரை போய்த் திரும்பினாள் அவள். அந்த அரைத் தூக்கமே போதும் என்று விலாவில் கன்றிய தழும்புகளோடு வந்துகொண்டிருந்தாள்.

ஒரு குளிர்கால ஞாயிறு பல்தோமேரோவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குச்சியைத் தூக்க முடியாமல் சுவரோரம் முனகியபடி நின்றார். லேவியராகமத்தில் குஷ்டரோகச் சட்டங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உபர்லிந்தாவின் முதல் குறட்டை வெளியே வந்தது. விசைப்படகின் மோட்டார் குளிரில் கிளம்புகிற சத்தம். உடனே பல்தோமேரோவின் இடுப்பு வலி கீழே இறங்கி நின்று, அவரை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு போனது. அதன் பின்னால் மற்றவர்களுடைய வலிகளும் வரிசையாகப் போயின. பாஸ்டரம்மா எர்மோசினாவின் பித்தப்பைக் கல் அவளோடு நெடுநாள் வாழ்ந்த உரிமையில் கடைசியாகக் கிளம்பியது. வியாக்கியான வரமுள்ள ஒருவர் எழுந்து, இந்தக் குறட்டை அந்நியபாஷை, சபைக்கு வேன் வாங்கித் தன்னை டிரைவராக வைக்கச் சொல்கிறது என்று பொருள் சொன்னார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அந்த ஆண்டுவிழாவில் உபர்லிந்தாவைக் காத்திருப்பு பெஞ்சிலிருந்து எழுப்பி நடுக்கூடத்தில் ஒரு தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூன்று மகிமைகளும் அவளுக்காக ஒலித்தன. அவள் வெட்கத்தில் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குஸ்தோதியோதான் முதலில் புகார் கொண்டுவந்தவர். தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு பாஸ்டர் வீட்டு வாசலில் நின்றார்.

“பாஸ்டரே, உங்க ஆளுங்க வலியெல்லாம் என் கடையில வந்து உக்காந்துக்குது. ஒண்ணாவது காசு குடுத்துக் குடிக்குதா?”

“கடைய மூடிட்டு நீங்களும் உள்ள வந்து உக்காருங்களேன், குஸ்தோதியோ.”

“உங்க பிரசங்கத்துக்கா? அதுக்கு இந்தப் பல்வலியே தேவலாம்.”

இருந்தாலும் அவருடைய வாடிக்கையாளர்கள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருவில் வலியில்லாமல் இருக்க ஒரே இடம் சபைதான் என்று கண்டுகொண்டு ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். கடந்தவர்கள் பாட்டுக் கற்றுக்கொண்டார்கள், பாட்டுக் கற்றவர்கள் குடியை விட்டார்கள், சிலர் ஞாயிறுகளில் மட்டும். கடைசியில் குஸ்தோதியோவும் வந்தார். லோத்தாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் பஸ் பிடித்து ஆட்கள் வந்தார்கள். தகரக் கூரையைப் பிரித்துப் பெரிதாகக் கட்டினார்கள்.

இவ்வளவு பெரிய சபைக்கு இவ்வளவு சவசவ என்று ஒரு போதகரா என்று சபைத் தலைமைக்குத் தோன்றியது. குறட்டை சகோதரியுடையது, அதில் நொல்பெர்த்தோவுக்கு என்ன பங்கு என்று கேட்டார்கள். அவரே அதை ஒப்புக்கொண்டதுதான் கொடுமை. அவரைக் குன்றின்மேல் இருந்த, பன்றி வளர்க்கும் சில குடும்பங்களின் சிற்றாலயத்துக்கு மாற்றிவிட்டு, சாந்தியாகோவிலிருந்து எலிசேயோ என்ற இளைஞனை அனுப்பினார்கள். உண்மையைச் சொல்ல உபர்லிந்தாவுக்கு வாய் வரவில்லை. சொன்னால் கர்த்தர் அழைத்தார் என்று சொன்னது பொய்யாகும், தூங்க வந்தவள் என்று பெயராகும். அதைவிட, கடுங்குளிரில் அவளுக்கு விறகு கொண்டுவந்து போட்ட அந்தப் போதகரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டும்.

எலிசேயோ நல்ல பேச்சாளன். மேடையில் குதித்தான், அழுதான், நரகத்தைப் பக்கத்துத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினான். யாருக்கும் கண் சொக்கவில்லை, உபர்லிந்தாவுக்கும்தான். தாலாட்டுப் பாடிப் பார்த்தார்கள், சூடாகப் பால் கொடுத்தார்கள், பழைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை வாசித்தார்கள். அவள் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். எதிரே ஆளில்லாத மதுக்கடையில் அலுத்துப்போன வலிகள் திரும்பி வந்தன, வந்த அவசரத்தில் ஆள் மாறி உட்கார்ந்தன. ஏழு பிள்ளை பெற்ற ஒருத்தியின் பிரசவ வலி எலிசேயோவைப் பிடித்தது. அவன் அன்று மாலையே பஸ் ஏறினான். நரக அக்கினியைப் பற்றி அதற்குப் பின் கொஞ்சம் மரியாதையோடு பேசியதாகக் கேள்வி.

உபர்லிந்தாவின் நிலைமைதான் மோசம். குடியிலிருந்து மீண்டவனுக்கு மறுபடி தாகம் எடுப்பதுபோல, தூங்கிப் பழகியபின் தூக்கம் போனது முன்னைவிடக் கொடியதாக இருந்தது. கையிலிருந்த மீன் நழுவி விழுவது தெரியாமல் நின்றாள். பட்டப்பகலில் படகு வருவதைக் கண்டு கரைக்கு ஓடினாள், அது மரக்கட்டை. இப்படியே போனால் செத்துப்போவேன் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைவிட, தான் செத்தால் செகுந்தோ எங்கே வந்து உட்காருவான் என்ற கவலை பெரிதாக இருந்தது. குன்றேறிப் போனாள். நொல்பெர்த்தோ பன்றிகளுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார்.

“பாஸ்டரே, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“உங்க பிரசங்கம் கேட்டாதான் எனக்குத் தூக்கம் வருது. வேற யாரு பேசினாலும் வரல. முதல் நாள்லேர்ந்தே அப்படித்தான்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். ஒரு பன்றி அதில் தலையை விட்டது, அவர் தடுக்கவில்லை.

“எல்லாப் பிரசங்கத்துக்குமா?”

“லேவியராகமம்னா உடனே. ரோமர்னா கொஞ்ச நேரம் ஆகும்.”

“சங்கீதத்துக்குக்கூடவா?”

“அதுல கனவும் வரும். செகுந்தோ வருவாரு. ஈர பூட்ஸைக் கழட்டிப் பக்கத்துல வச்சுட்டு என்னோட பெஞ்சுல உக்காருவாரு. ஒண்ணும் பேச மாட்டாரு. கடல்லேர்ந்து வந்த களைப்பு.” அவள் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வேற எங்கயும் நான் அவரப் பாத்ததில்ல, பாஸ்டரே.”

நொல்பெர்த்தோவுக்கு வலித்தது, அந்த வலி எழுந்து போகவும் இல்லை. பிறகு சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

“முப்பது வருஷமா முழங்கால்ல நின்னு என் பிரசங்கத்துக்கு அக்கினி கேட்டேன், சிஸ்டர். கர்த்தர் கம்பளி குடுத்திருக்காரு.”

“குளிருக்கு அதுதான் பாஸ்டரே வேணும்.”

பன்றிகளை அப்படியே விட்டுவிட்டு அவளோடு இறங்கி வந்தார். தலைமை ஒன்றும் சொல்லவில்லை. தலைமையில் இருந்தவருக்கு மூல வியாதி. அடுத்த ஆண்டுவிழாவில், போதகரும் தன் வரத்தைச் சொல்ல வேண்டும் என்று முதல் முறையாகக் கேட்டார்கள். நொல்பெர்த்தோ எழுந்து, தூங்க வைப்பது என்று சொல்லிவிட்டு, ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகளை எடுத்துக்கொண்டார். நீலநூல் காதுகளுக்கு வருவதற்குள் மோட்டார் கிளம்பியது. கூட்டம் கையைத் தூக்கி மூன்று முறை மகிமை சொன்னது, அவள் எழுந்துவிடாதபடி வாய்க்குள்ளேயே. வலிகள் வெளியே போயின. குஸ்தோதியோ கடையை மூடி வலை விற்கத் தொடங்கியிருந்ததால் அவை கரைச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்தன. இப்போதும் அப்படித்தான். வலை காயப்போடுகிறவர்கள் நகரச் சொன்னால் நகர்ந்துகொள்ளும்.

குச்சிக்கு வேலை இல்லாததால் பல்தோமேரோ துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். சங்கீதம் பிரசங்கித்த ஞாயிறுகளில் உபர்லிந்தாவின் பெஞ்சுக்கடியில் கொஞ்சம் உப்பு நீரும் மணலும் தேங்கியிருக்கும், ஆராதனை முடிந்ததும் துடைத்துவிடுவார். வெளியூரிலிருந்து வந்த யாராவது கூட்டத்தில் இடம் கிடைக்காமல் அந்த பெஞ்சின் பாதியில் உட்காரப் போனால், தோளைத் தொட்டு வேறு இடம் காட்டுவார்.

“அங்க ஆள் வராரு,” என்பார்.